அளந்தவர்: பெனாசிர், பத்து பி

விருது வந்த அன்றுதான் ஜெயசீலி டீச்சருக்குச் சந்தேகம் வந்தது.

காலை பத்தரை மணிக்குத் தலைமை ஆசிரியரின் திரையில் கடிதம் வந்தது. 'கண்ணும் கையும்' திட்டத்தில் மாவட்டத்திலேயே அவள் வகுப்புக்குத்தான் முதலிடமாம். பத்தாம் வகுப்பு பி பிரிவு, முப்பத்திரண்டு பிள்ளைகள், பதினான்கு வாரம், ஒரு பிழைகூட இல்லை. தலைமை ஆசிரியர் குளிர்ந்துபோய் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். ஜெயசீலியும் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். பாதி கரைந்த பிறகுதான் அந்தச் சொல் உறைத்தது. ஒரு பிழைகூட இல்லையா?

பத்தொன்பது வருடம் பிசிக்ஸ் லேபில் குப்பை கொட்டியவள் அவள். ஒரே இரும்புக் குண்டை ஒரே வெர்னியர் அளவியில் நாலு பிள்ளைகள் அளந்தால் நாலு விடை வரும். சந்தேகம் தீர டீச்சர் அளந்தால் அது ஐந்தாவது விடை. அப்படியிருக்க, முப்பத்திரண்டு பேர் மூன்றரை மாதம் பிசகாமல் அளந்தார்கள் என்றால் அதை நம்ப ஒரு தனி மனசு வேண்டும். தலைமை ஆசிரியருக்கு அது இருந்தது. அவர் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

விருதுக்குக் குழுத் தலைவியின் தாயோ தந்தையோ கையெழுத்துப் போட வேண்டும். குழுத் தலைவி பெனாசிர். அவள் வீடு பள்ளிக்கு எதிரே குடியிருப்பில், பதினான்காம் பிளாக்கில், மூன்றாவது மாடி. சதுப்பு நிலத்தை மண் போட்டு மேடாக்கி, அதன்மேல் வரிசையாக எட்டெட்டு மாடி எழுப்பி, ஆற்றங்கரையில் இருந்தவர்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய இடம் அது. லிஃப்ட் ஓடிய காலம் ஒன்று இருந்ததாகச் சொல்வார்கள். ஜெயசீலி மதியம் குடையைப் பிடித்துக்கொண்டு போய், மூச்சு வாங்க ஏறினாள்.

பெனாசிரின் அம்மா ஷம்ஷாத் தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கையெழுத்து என்றதும் முகம் மலர்ந்தது.

"எம் பொண்ணு அளக்குறதத்தான் கெவருமெண்டே பாக்குதாமே டீச்சர்? நெசமா?"

"நெசந்தாம்மா."

"இன்னாத்த அளந்து இன்னா. பாத்ரூம் கதவு மூட மாட்டேங்குது, மழ ஆரம்பிச்சதுலேந்து. அத ஒரு ஆளு வந்து பாக்கல."

ஜெயசீலி போய்ப் பார்த்தாள். கதவு நிலையில் மேலே இடித்துக்கொண்டு நின்றது. பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து கூரை வரை ஒரு விரிசல் ஓடியது. அதன் குறுக்கே சிமெண்ட் வைத்து ஒட்டிய சின்னக் கண்ணாடித் துண்டு இரண்டாக உடைந்து, ஒரு பாதி கீழே கிடந்தது. சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், அதற்காகத்தான் ஒட்டுவது. அவள் கைப்பையிலிருந்து பேனாவைப் பிரித்து ரீஃபிலை விரிசலில் நுழைத்தாள். அது பாட்டுக்கு உள்ளே போயிற்று.

ரீஃபில் மூன்று மில்லிமீட்டர் தடிமன். இந்தக் கட்டடத்தின் விரிசலுக்குக் கடைசியாகப் பிள்ளைகள் டேப்லெட்டில் ஏற்றியிருந்த அளவு 1.2.

அன்று கடைசிப் பீரியட் அவளுடையதுதான். காலையெல்லாம் திரையில் பாடம், மதியத்துக்குமேல் ஊரில் வேலை. இதுதான் 'கண்ணும் கையும்'. திரை எதைச் சொல்லிக் கொடுக்கிறதோ அதைப் பிள்ளைகள் அன்றைக்கே கையால் செய்து பார்க்க வேண்டும். சும்மா செய்து பார்ப்பது அல்ல, ஊருக்கு உதவுகிற மாதிரி. விலங்கியல் படித்தவர்கள் சாக்கடையில் கொசுப் புழு எண்ணினார்கள். வேதியியல் படித்தவர்கள் தண்ணீர்த் தொட்டியில் குளோரின் பார்த்தார்கள். அளவீடு படித்த பத்து பி, பதினான்காம் பிளாக்கின் விரிசல்களை அளந்தது. ஊருக்கு அளவு கிடைத்தது, பிள்ளைகளுக்கு மதிப்பெண் கிடைத்தது. கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருந்தது.

அவள் கதவைச் சாத்திவிட்டு மேசைமேல் சாய்ந்து நின்றாள்.

"யாரும் பயப்பட வேண்டாம். நான் திட்டப் போறதில்ல. எப்படி அளக்குறீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

கடைசியில் பெனாசிர்தான் எழுந்தாள். ஒல்லியான பெண். பேசும்போது நேராகக் கண்ணைப் பார்ப்பாள்.

"விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு திருகாணி அடிச்சிருக்கு மிஸ். ரெண்டுக்கும் நடுவுல வெர்னியர வெச்சு அளக்கணும். டேப்ல போடணும். டேப் முன்னாடியே ஒரு நம்பர மனசுல வெச்சிருக்கும். நம்ம நம்பர் அது பக்கத்துல இருந்தா பச்ச டிக். தள்ளி இருந்தா செவப்பு."

"செவப்பு வந்தா?"

"மறுபடி அளக்கச் சொல்லும். மூணு தடவ செவப்பு வந்தா அர மார்க் போயிடும்."

"அது மனசுல வெச்சிருக்கிற நம்பர் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பின் பெஞ்சிலிருந்து லோகேஷ் என்கிற பையன் எழுந்தான். "போன வாரம் போட்டதையே போட்டா பச்ச வருது மிஸ். கொஞ்சம் பாயிண்ட் மட்டும் மாத்திக்கணும்."

வகுப்பில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஜெயசீலி சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார்கள்.

"அப்படிச் செய்யலாம்னு யாரு சொன்னா?"

லோகேஷ் திருதிருவென்று விழித்தான். பெனாசிர் மெதுவாகச் சொன்னாள். "நீங்கதான் மிஸ். மொத வாரம். செவப்பு வந்தா வெர்னியர ஒழுங்கா பிடிக்கலன்னு அர்த்தம், டிக் வர்ற வரைக்கும் அளங்கன்னு சொன்னீங்க."

ஆமாம், சொன்னாள். அப்படியே நினைவு வந்தது. ஒரு கையில் மாதிரி வெர்னியர், இன்னொரு கையில் டீ. பத்தொன்பது வருடமாக எல்லா வகுப்புக்கும் சொன்னதுதான். அவளுக்கு அவள் டீச்சர் சொன்னது. பிராக்டிகலில் விடை முதலில் தெரியும்; விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அளவுகளை எழுதினால் முழு மார்க். கல்லூரி வரை அவளும் அப்படித்தான் ஊசலை ஆட்டாமலே ஆட்டி முதல் வகுப்பு வாங்கினாள். அதனால் யாருக்கும் ஒரு நட்டமும் வந்ததில்லை. இதுவரை ஊசலுக்குள் யாரும் குடியிருக்கவில்லை.

முகம் சூடாவதை மறைக்கத் திரும்பிக் கரும்பலகையைத் துடைத்தாள். "நிஜமா அளந்த நம்பர் எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரஃப் நோட்டுல இருக்கும் மிஸ்," என்றான் லோகேஷ்.

"அப்ப நாளைக்கு எல்லாரும் ரஃப் நோட்டு கொண்டு வாங்க. பெரிய நம்பரா இருந்தாலும் பரவாயில்ல. உண்மையா இருக்கணும், அவ்வளவுதான்."

எதிரே இருந்த கட்டடத்துக்கு வெர்னியரோடு போய் ஐந்து நிமிடத்தில் அளந்திருக்கலாம். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. நோட்டை வாங்கித் திருத்தித்தான் அவளுக்குப் பழக்கம்.

இரவு சரியாகத் தூக்கமில்லை. மழை விட்டுவிட்டுப் பெய்தது.

மறுநாள் முப்பத்திரண்டு ரஃப் நோட்டும் வந்தன. ஒருவர்கூட மறக்கவில்லை. அவள் லேபில் உட்கார்ந்து புரட்டினாள். ஜூலை கடைசியில் 1.3. ஆகஸ்டில் 1.9. செப்டம்பரில் 2.8. போன வாரம் 4.6, 4.7, 4.5. ஒவ்வொரு நோட்டிலும் ஏறிக்கொண்டே போயிற்று. பதினான்காம் பிளாக்கில் அறுபத்து நாலு வீடு, வீட்டுக்குச் சுமார் நாலு பேர். அவள் வகுப்பிலேயே பதினோரு பேர் அங்கேதான் இருந்தார்கள்.

குடியிருப்புப் பராமரிப்பு அலுவலகத்தின் எண்ணைத் தேடிப் பிடித்தாள். நாலாவது முயற்சியில் இன்ஜினியர் குணசீலன் எடுத்தார். களைத்த குரல்.

"ரீஃபில் போச்சுன்னு சொல்றீங்க. அது மேல்பூச்சு மேடம். பூச்சு பெயர்ந்தா கண்ணாடியும் சேர்ந்து உடையும். திருகாணி ரெண்டுக்கும் நடுவுல என்னவோ அதுதான் சுவரோட கணக்கு. அதுல பச்சைதானே காட்டுது?"

"பச்சை எப்படி வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"பிள்ளைங்க போடுற அளவ வெச்சு, அடுத்த வாரம் எவ்வளவு இருக்கணும்னு அது தானாக் கத்துக்கும். நல்ல சிஸ்டம் மேடம். இந்தப் பக்கம் மட்டும் ஆயிரத்து எழுநூறு கட்டடம். நாங்க நாலே பேரு."

"பிள்ளைங்க அளக்கலை சார். அது என்ன எதிர்பார்க்குதோ அதையே எழுதிக் கொடுக்குறாங்க. அவங்க எழுதுனத வெச்சு அது கத்துக்குது. அது கத்துக்கிட்டத இவங்க திருப்பி எழுதுறாங்க. நடுவுல சுவரையே யாரும் பார்க்கலை."

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நீங்க கடைசியா எப்ப சார் பதினாலாம் பிளாக்குக்கு வந்தீங்க?"

"பச்சையா இருந்தா வர வேண்டியதில்ல மேடம்," என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு வருஷம் இருக்கும்," என்றார்.

வழி ஒன்று இருந்தது. உறுதிமொழிப் படிவம். இதுவரை ஏற்றிய அளவுகள் பொய், இவைதான் மெய் என்று பொறுப்பாசிரியர் கைரேகை வைத்தால், அடுத்த நிமிடம் கட்டடத்தைக் காலி செய்ய உத்தரவு போகும்.

"ஆனா மேடம், பொய்னு ஒத்துக்கிட்டா முப்பத்திரண்டு பிள்ளைங்களுக்கும் களமதிப்பெண் ரத்து ஆயிடும்."

பொதுத்தேர்வில் பாதி அது. பாதி போனால் பாஸ் ஆவதே பாடு.

"காலி பண்றவங்களுக்கு வேற வீடு?"

"லிஸ்ட்ல வரும் மேடம்," என்றார் குணசீலன். எப்போது வரும் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

படிவம் வந்தது. ஜெயசீலி அதைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தாள். பெனாசிர் நன்றாகப் படிக்கிற பெண். லோகேஷின் அப்பா போன வருடம்தான் இறந்தார். பாலிடெக்னிக் சேர இந்த மதிப்பெண்ணைத்தான் நம்பியிருந்தான். அவர்களை நினைத்து அழுகை வந்தது. தன்னை நினைத்து ஆத்திரம் வந்தது. மழை ஜன்னலில் அடித்தது. சரி, உயிரைவிட மார்க் பெரிதில்லை என்று கட்டைவிரலை நீட்டினாள். நீட்டுவதற்கு முன்னால் வழக்கப்படி கடைசி நோட்டை ஒருமுறை பார்த்தாள். கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை புரட்டுவது கைக்கு ஊறிப்போன வேலை.

அக்டோபர் ஒன்பது, வெள்ளி. 3.6.

அந்த வாரம் வெள்ளம். புதன் முதல் வெள்ளி வரை மூன்று நாள் பள்ளிக்கு விடுமுறை. வெர்னியர்கள் எல்லாம் லேப் அலமாரியில் இருந்தன, அலமாரிச் சாவி அவள் கைப்பையில் இருந்தது.

மற்ற நோட்டுகளை இழுத்துப் பிரித்தாள். எல்லாவற்றிலும் அக்டோபர் ஒன்பது இருந்தது. பதினான்கு வாரக் கணக்கும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே அழுத்தம். ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதிய ரெக்கார்ட் நோட்டை மாணவியாக அவளும் எழுதியிருக்கிறாள், டீச்சராக ஆயிரம் பார்த்திருக்கிறாள். கண் இத்தனை நேரம் எங்கே போயிருந்தது?

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த பெனாசிரைக் கூப்பிட்டாள்.

"இது எப்ப எழுதுனது? உண்மையச் சொல்லு."

பெனாசிர் நோட்டைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"நேத்து சாயங்காலம் மிஸ். லோகேஷ் குரூப்புல போட்டான், மிஸ்ஸுக்குப் பெரிய நம்பரா வேணுமாம்னு. நீங்க ரொம்ப பயந்து போயிருந்தீங்க. கூடக்குறைய வராம எல்லாரும் பேசி வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி எழுதுனோம்."

"அப்ப நிஜமா அளந்தது?"

"மொத மூணு வாரம் அளந்தோம் மிஸ். அப்புறம் யாரும் அளக்கல."

ஜெயசீலிக்குச் சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பு இல்லை. ஒரு திரையைத் திருப்திப்படுத்த ஒரு பொய், ஒரு டீச்சரைத் திருப்திப்படுத்த இன்னொரு பொய். கட்டைவிரல் வைத்திருந்தால் அந்த இரண்டாவது பொய்தான் மெய்யாகப் பதிவாகி, அறுபத்து நாலு குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும். வைக்காவிட்டாலும் கட்டடம் நிற்கும் என்று என்ன நிச்சயம்? அங்கே சுவர் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அலமாரியைத் திறந்து வெர்னியரை எடுத்தாள். "வா," என்றாள்.

கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், மின்மீட்டர்களுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தன அந்தத் திருகாணிகள். துரு ஏறியிருந்தது. அடித்த அன்று இரண்டுக்கும் நடுவே ஐம்பது மில்லிமீட்டர் என்று பக்கத்திலேயே பெயிண்டில் எழுதியிருந்தார்கள். ஐம்பதுக்கு மேல் எவ்வளவோ அவ்வளவு விரிசல்.

வெர்னியரைச் சுவரருகே கொண்டுபோன ஜெயசீலி தயங்கினாள். சின்னதாக வந்தால் யாரும் வீட்டை விட வேண்டாம், பிள்ளைகள் மார்க் பிழைக்கும். பெரிதாக வந்தால் நேற்றிலிருந்து அவள் பட்ட பாடு வீண் இல்லை என்றாகும். இரண்டையும் அவள் விரும்பினாள். விரும்பியதைத்தான் கண் பார்க்கும் என்று அவளுக்கு இப்போது நன்றாகத் தெரிந்திருந்தது.

"பெனாசிர், நீ முதல்ல அளந்து ஒரு தாள்ல எழுதி மடிச்சு வெச்சுக்க. எங்கிட்டச் சொல்லாத. அப்புறம் நான் அளக்கிறேன்."

பெனாசிர் நிதானமாக அளந்தாள். உதடு அசைய எண்ணினாள். எழுதி மடித்தாள். ஜெயசீலி அளந்தாள். சந்தேகம் தீர மறுபடி அளந்து எழுதினாள்.

இரண்டு தாளையும் பிரித்தார்கள். பெனாசிர் 56.3. ஜெயசீலி 56.4.

நூல் பிடித்த மாதிரி ஒன்றாக இல்லை. பதினான்கு வாரத்தில் அவள் நேரில் பார்த்த முதல் உண்மையான அளவு அதுதான் என்பதற்கு அந்தச் சின்ன வித்தியாசமே போதுமாக இருந்தது. ஆனால் ஆறு மில்லிமீட்டருக்கு மேல்! அங்கேயே, சொட்டும் தண்ணீருக்குக் கீழே, இருபது நிமிடம் காத்திருந்தார்கள். மறுபடி தனித்தனியாக அளந்தார்கள். 56.9. 57.0.

இருபது நிமிடத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேல். பெனாசிருக்குக் கணக்கு வரும். அவள் முகம் வெளுத்துவிட்டது.

ஜெயசீலி குணசீலனைக் கூப்பிட்டு இரண்டு எண்ணையும் சொன்னாள். அவர் "மறுபடி சொல்லுங்க" என்றார். மறுபடி சொன்னாள்.

"நான் கிளம்புறேன் மேடம். ரோடெல்லாம் தண்ணி, ரெண்டு மணி நேரமாவது ஆகும்." குரல் தாழ்ந்தது. "காத்திருக்காதீங்க. இறக்கிடுங்க."

பதற்றம் வந்தால் ஜெயசீலிக்குத் தூத்துக்குடிப் பேச்சு வந்துவிடும். "ஏ, வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க! வெரசா எறங்குங்க, சாமான விட்டுட்டு வாங்க!" என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு ஏறினாள். கதவுகள் திறந்தன. ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரும் இறங்கவில்லை.

மூன்றாவது மாடியில் ஷம்ஷாத் வாசலில் நின்று ஃபோனை நீட்டினாள்.

"இன்னா டீச்சர் இது? நல்லாக்கீதுன்னு இப்பத்தானே வந்துச்சு? நீங்களே கையெழுத்துப் போட்டுக்கிறீங்க."

குடியிருப்பில் எல்லோர் ஃபோனுக்கும் வாரம் ஒரு முறை வருகிற செய்தி அது. ஜெயசீலி படித்தாள். 'பிளாக் 14. இன்று மாலை 4.00. விரிசல் 1.2 மி.மீ. கட்டடம் பாதுகாப்பானது. அளந்தவர்: பெனாசிர், பத்து பி. சரிபார்த்தவர்: ஜெயசீலி.'

மணி நாலு பத்து. நாலு மணிக்கு இரண்டு பேரும் படிக்கட்டுக்கு அடியில் நின்றிருந்தார்கள். டேப் பள்ளியில் பூட்டிக் கிடந்தது.

"நான் போடல மிஸ்," என்று பெனாசிர் கத்தினாள். "சத்தியமா நான் போடல!"

அவள் போடத் தேவையில்லை. பத்து வாரம் தொடர்ந்து பச்சை வாங்கியவர்கள் நம்பகமானவர்கள். அவர்கள் ஒரு வாரம் அளவு போடத் தவறினால் அவர்கள் பெயரில் அதுவே போட்டுக்கொள்ளும். ஆகஸ்டில் அப்படி ஓர் அறிவிப்பு வந்தது ஜெயசீலிக்கு இப்போது மங்கலாக நினைவு வந்தது. கீழே 'ஏற்கிறேன்' என்றிருந்தது. தட்டினாள். எல்லோரும்தான் தட்டினார்கள்.

மாடிப்படியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு பெரியவர் குரல் எழுப்பினார். "ஆத்தங்கரையிலயும் இப்டித்தாம்மா சொன்னாங்க. வெள்ளம் வருது, ரெண்டு நாளு ஒதுங்குங்க, திரும்ப வந்துரலாம்னு. பன்னெண்டு வருசம் ஆச்சு. இங்கேந்து எங்க கொண்டுபோயி போடப் போறீங்க?"

"ஃபோன்ல நல்லாக்கீதுன்னு போட்டுக்குது. அப்புறம் இன்னா?" என்றது கூட்டத்தில் இன்னொரு குரல்.

ஜெயசீலி திருகாணி, வெர்னியர், ஐம்பது, ஐம்பத்தேழு என்று விளக்கினாள். மழைச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. சிலர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்கள். இவர்களை எப்படி இறக்குவது?

பெனாசிர் அம்மாவின் கையிலிருந்த ஃபோனை வாங்கினாள். இரண்டு படி மேலே ஏறி எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் நின்றாள்.

"இதுல எம் பேருதான் இருக்குது. நான்தான் பெனாசிர். நான் அளக்கல. மூணு மாசமா அளக்கல. மார்க்குக்காகப் பொய்யா எழுதுனேன். நீங்க எல்லாரும் வாராவாரம் படிச்சது என் பொய்ய."

ஷம்ஷாத் வாயில் கை வைத்துக்கொண்டாள். ஒரு நிமிடம் அவள் மகளை அறையப் போகிறாள் என்றே ஜெயசீலி நினைத்தாள்.

"நான் சொல்லிக் கொடுத்தத்தான் அவ செஞ்சா," என்றாள் ஜெயசீலி. "டிக் வந்தா போதும்னு நான்தான் சொன்னேன். இன்னைக்குத்தான் நானும் முதல் தடவையா அளந்தேன்."

மேல்மாடியிலிருந்து லோகேஷ் இறங்கி வந்தான். அவன் அம்மா பின்னால் நின்றாள். "நானும்தான்," என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டு தடவ பொய் எழுதுனேன். ஒண்ணு டேப்புல, ஒண்ணு நோட்டுல." ஐந்தாவது மாடியிலிருந்து இன்னொரு பெண் வந்தாள். பதினோரு பேரும் அவரவர் கதவுக்கு முன்னால், அவரவர் வீட்டாரைப் பார்த்து, அதையே சொன்னார்கள். சிலருக்கு அடி விழுந்தது. அழுகைச் சத்தம் கேட்டது.

ஷம்ஷாத் மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"இன்னிக்கு அளந்தது?"

"அளந்தேம்மா. நான் தனியா, மிஸ் தனியா."

"நெசமாவா?"

"நெசமா."

ஷம்ஷாத் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கதவைக்கூடப் பூட்டாமல் இறங்க ஆரம்பித்தாள். அவள் இறங்குவதைப் பார்த்து அடுத்த வீடு இறங்கியது. அதைப் பார்த்து அதற்கடுத்தது. ஐந்தரை மணிக்குள் கட்டடம் காலி. நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். ஜெயசீலி பள்ளி வாசலில் நின்று ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு எண்ணினாள். இருநூற்று நாற்பத்தெட்டு.

ஆறரைக்கு அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. மண் லாரி சரக்கைக் கொட்டுகிற மாதிரி ஒன்று, அதற்குப் பிறகு கண்ணாடி உடையும் ஒலி. பிளாக்கின் மேற்குப் பாதி படிக்கட்டோடு உட்கார்ந்துவிட்டது. பள்ளி வராந்தாவில் இருந்தவர்கள் மழையில் இறங்கி வந்து பார்த்தார்கள். பிறகு ஷம்ஷாத் உரக்க அழ ஆரம்பித்தாள். பெனாசிரைக் கட்டிக்கொண்டு, அவள் தலையிலும் முதுகிலும் அடித்து அடித்து அழுதாள்.

ஏழு மணிக்குக் குணசீலன் தொடை வரை நனைந்து வந்து சேர்ந்தார். இடிபாட்டைச் சுற்றிக் கயிறு கட்டச் சொல்லிவிட்டு, லேபுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். ஜெயசீலி உறுதிமொழிப் படிவத்தில் கட்டைவிரல் வைத்து அனுப்பிவிட்டு நிமிர்ந்தாள். முப்பத்திரண்டு பிள்ளைகளின் மதிப்பெண்ணும் அந்த நொடியில் போயிற்று. பெனாசிரும் லோகேஷும் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தார்கள்.

ஷம்ஷாத் வாசலில் வந்து நின்றாள். அழுது வீங்கிய முகம். "சின்னவங்கள மேல கிளாஸ் ரூமுல படுக்க வெச்சிக்கிறோம் டீச்சர். கீழ பூரா ஈரம். எல்லாரையும் மேலதான் ஏத்திக்கினு இருக்காங்க."

"நல்லது. அப்படியே செய்யுங்க."

அவள் போகவில்லை. இன்ஜினியரைப் பார்த்தாள்.

"ஏன் சார், ஒண்ணு கேக்கறேன். எங்க வூட்ட இந்தப் பசங்க அளந்துச்சுங்க. இந்த ஸ்கூலு கட்டடத்த யாரு அளக்கறாங்க?"

குணசீலன் டீயைக் கீழே வைத்தார். "அவங்கவங்க ஸ்கூல அவங்கவங்களே அளக்கக் கூடாதும்மா. விதி அது. பக்கத்து ஸ்கூல் பிள்ளைங்க வந்து அளப்பாங்க."

"வந்தாங்களா?" என்று ஜெயசீலி பெனாசிரைக் கேட்டாள்.

பெனாசிர் யோசித்தாள். "ஜூலையில வந்தாங்க மிஸ். ரெண்டு தடவையோ மூணு தடவையோ."

குணசீலன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஃபோனைத் திறந்தார். தேடினார். திரை வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஜெயசீலிக்குத் தெரிந்துவிட்டது.

"பச்சை," என்றார். "பதினாலு வாரமும் பச்சை. இன்னைக்கும் நாலு மணிக்கு அளந்திருக்காங்க."

அவர்கள் தலைக்கு மேலே, முதல் மாடியில், யாரோ இடம் பண்ணுவதற்காகப் பெஞ்சுகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் ஓடும் சத்தம் கேட்டது. ஜெயசீலி எழுந்தபோது மேசைமேல் வெர்னியர் இல்லை. பெனாசிர் அதை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே வராந்தாவில் நடந்துகொண்டிருந்தாள். லோகேஷ் ஒரு நோட்டிலிருந்து இரண்டு தாளைக் கிழித்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினான்.